பிரிண்ட்எஃப்: முதல் ஆர்க்யுமென்ட்டை எழுதுவது யார்?

பிரிண்ட்எஃப் என்பது சி மொழியில் உரையை அச்சிடும் ஃபங்ஷன். அதற்குக் கொடுக்கும் முதல் மதிப்பு (ஆர்க்யுமென்ட்), எதை எப்படி அச்சிட வேண்டும் என்று சொல்லும் ஃபார்மேட் சரம். சி நிரல் ஒன்றைப் பாதுகாப்புக்காகச் சரிபார்க்க உட்கார்ந்தால் முதலில் தேட வேண்டியது பிரிண்ட்எஃப்(பெயர்) என்ற வடிவில் உள்ள வரிகளை. வெளியிலிருந்து வந்த சரம் அப்படியே ஃபார்மேட் சரத்தின் இடத்தில் உட்கார்ந்திருக்கும். சாதாரணப் பெயர் வந்தால் சரியாகவே அச்சாகும். அதனால்தான் சோதனையில் சிக்குவதில்லை. பெயருக்குள் ஒரு சதவீதக் குறி வரட்டும், அப்போது தெரியும்.

தனக்கு எத்தனை மதிப்புகள் வந்தன என்பது பிரிண்ட்எஃப்-க்குத் தெரியாது. ஃபார்மேட் சரம் சொல்வதுதான் அதற்கு வேதம். முழு எண்ணைக் கேட்கும் "%டி"யைக் கண்டால், அடுத்த மதிப்பு இருக்க வேண்டிய இடத்தில் கிடப்பதை எடுத்து அச்சிடும். இன்டெல் வகை 64-பிட் லினக்ஸில் முதல் 6 முழு எண்களும் பாயின்டர்களும் (நினைவக முகவரிகள்) செயலிக்குள் இருக்கும் சிறு சேமிப்பிடங்களான ரெஜிஸ்டர்களில் போகின்றன. ஃபார்மேட் சரத்துக்கு ஒன்று போக மீதி 5. முகவரியை அச்சிடும் "%பி"யை அடுக்கினால், ஆறாவதிலிருந்து ஸ்டாக்கில் (ஃபங்ஷன்களின் தற்காலிக நினைவகம்) உள்ளவை வெளியே கொட்டும்: திரும்பும் முகவரி, ஸ்டாக் சிதைவைக் கண்டுபிடிக்க வைக்கும் கேனரி மதிப்பு, சில நேரம் கடவுச்சொல்லும். சரத்தை அச்சிடும் "%எஸ்" கண்டதையும் முகவரி என்று நம்பிப் படிக்கப் போய் நிரலைக் கவிழ்க்கும். எல்லாவற்றிலும் கொடியது "%என்". அது அச்சிடுவதில்லை, அதுவரை அச்சான எழுத்துகளின் எண்ணிக்கையை நினைவகத்தில் எழுதுகிறது.

2000-ல் டபிள்யூயூ-எஃப்டிபிடி என்ற கோப்புப் பரிமாற்ற சர்வரில் சைட் எக்ஸெக் கட்டளை வழியாக ரூட் (முழு நிர்வாக) உரிமை பறிபோனது இப்படித்தான். 2012-ல், கட்டளைகளை உயர் உரிமையில் இயக்க உதவும் சூடோ 1.8-இல் வெளிவந்த ஓட்டையில் நிரலின் பெயரே ஃபார்மேட் சரத்துக்குள் போனது. 2021-லும் சதவீதக் குறிகள் நிறைந்த ஒரு வைஃபை பெயரோடு இணைந்ததும் ஐபோன்களில் வைஃபை செயலிழந்தது. பழைய நோய்தான், ஒழிந்தபாடில்லை.

திருத்தம் எளிது: பிரிண்ட்எஃப்("%எஸ்", பெயர்). எஃப்பிரிண்ட்எஃப், சிஸ்லாக் இரண்டுக்கும் இதே விதி. ஆனால் பெரும்பாலும் கோட்டை விடுவது நாமே எழுதிய லாக் ஃபங்ஷனில். அதன் அறிவிப்பில், இதுவும் ஃபார்மேட் சரம் வாங்கும் என்று ஜிசிசி கம்பைலருக்குச் சொல்லும் ஃபார்மேட் ஆட்ரிபியூட்டைச் சேர்க்காவிட்டால், அதை அழைக்கும் இடங்களைக் கம்பைலர் சோதிக்காது. கூடவே "-டபிள்யூஃபார்மேட்=2" என்ற எச்சரிக்கைத் தெரிவைக் கொடுங்கள். ஜிசிசி-யில் "-டபிள்யூஆல்" மட்டும் போதாது. பிரிண்ட்எஃப்(பெயர்) வரிக்கான எச்சரிக்கை அதில் அடங்கவில்லை. நிரல் ஓடும்போது சோதிக்கும் ஃபோர்ட்டிஃபை சோர்ஸ் பாதுகாப்பின் 2-ஆம் நிலை, எழுதக்கூடிய நினைவகத்தில் உள்ள சரத்தில் "%என்" வந்தால் நிரலை நிறுத்திவிடும். "%பி" வழிக் கசிவை அது தடுக்காது.

அடுத்தது அளவு. அச்சிடாமல் பஃபர் என்ற நினைவக இடத்தில் எழுதும் எஸ்பிரிண்ட்எஃப்-க்கு அந்தப் பஃபரின் எல்லை தெரியாது. 32-பிட் இன்ட் ஒன்றுக்கு மைனஸ் குறியும் இறுதிப் பூஜ்ய பைட்டும் சேர்த்து 12 பைட் வேண்டும். 10 இலக்கம்தானே என்று 10 வைப்பவர்கள் உண்டு. தசம எண்ணை அச்சிடும் "%எஃப்" இன்னும் மோசம்: மிகப் பெரிய டபுள் (தசம எண் வகை) மதிப்பில் புள்ளிக்கு முன்னால் மட்டும் 309 இலக்கங்கள்.

சி மொழியின் 1999 தரமான சி99-இல் வந்த எஸ்என்பிரிண்ட்எஃப் அளவைக் கேட்டு வாங்குகிறது. ஆனால் அது திருப்பித் தருவது எழுதிய நீளத்தை அல்ல, இடம் இருந்தால் எழுதியிருக்கக்கூடிய நீளத்தை. 64 பைட் பஃபரில் 80 எழுத்துச் செய்தியைப் போட்டால் 63 எழுத்தும் பூஜ்யமும் எழுதிவிட்டு 80 என்று சொல்லும். அதை அப்படியே அடுத்து எழுத வேண்டிய இடத்தின் எண்ணில் கூட்டி, அடுத்த அழைப்புக்கு "64 கழித்தல் 80" என மீதி கணக்கிட்டால், அளவுகளுக்கான சைஸ்_டி வகைக்கு மைனஸ் கிடையாது என்பதால் விடை பிரம்மாண்டமான எண்ணாகிறது. பாதுகாப்பு என்று நம்பிய ஃபங்ஷனே எல்லை தாண்டி எழுதும். திரும்பிய மதிப்பு 0-க்குக் கீழே உள்ளதா, மீதி இடத்துக்குச் சமமாகவோ அதிகமாகவோ உள்ளதா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள்.

"%எஸ்"-க்கு எதையும் சுட்டாத நல் பாயின்டர் கொடுப்பதும் வரையறுக்கப்படாத செயல். லினக்ஸின் சி நூலகமான ஜிலிப்சி "(நல்)" என அச்சிட்டுக் காப்பாற்றும். அதை நம்பக் கூடாது. "%எஸ்" உடன் புதுவரிக் குறி மட்டும் இருந்தால் கம்பைலர் அந்த அழைப்பை, சரத்தை மட்டும் அச்சிடும் புட்ஸ் ஃபங்ஷனாக மாற்றிவிடலாம். அங்கே நிரல் விழும்.

தமிழ் உரையைக் கையாள்வோருக்கு இன்னொரு பொறி உண்டு. "%10எஸ்", "%.10எஸ்" இரண்டும் எண்ணுவது பைட்டுகளை. யுடிஎஃப்-8 எழுத்துக் குறியாக்கத்தில் "தமிழ்" என்ற சொல் 5 குறியீடுகள், 15 பைட்டுகள். "%.10எஸ்" கொடுத்தால் "தமி"யும் "ழ"வின் முதல் பைட்டும் மட்டும் வந்து, திரையில் கேள்விக்குறிக் கட்டம் தோன்றும். வெட்டும் இடத்தில் உள்ள பைட் 10 என்ற பிட்டுகளில் தொடங்கினால், அப்படித் தொடங்காத பைட் வரும்வரை பின்னால் நகர்ந்து வெட்டுங்கள். அப்போதும் மெய்யிலிருந்து உயிர்க்குறி பிரியக்கூடும். அதற்கு ஐசியு போன்ற யூனிகோட் நூலகம் தேவை.