‘வாஷ்’ என்றால் கழுவலா?

நீர்வண்ணம் பழகுவோருக்கான தமிழ்க் குறிப்புகளில் “முதலில் வானத்தைக் கழுவவும், உலர்ந்தபின் கடலைக் கழுவவும்” என்ற வாக்கியம் திரும்பத் திரும்ப வருகிறது. மொரிஷியசின் போர்ட் லூயி துறைமுகத்தை மழையில் தீட்ட உட்கார்ந்த பிள்ளை இதைப் படித்தால் வாளியைத்தான் தேடும்.

அங்கே கழுவு என்று மொழிபெயர்க்கப்படும் வாஷ் என்பது நிறைய நீரில் கரைத்த வண்ணத்தைத் தூரிகைத் தடம் தெரியாமல் ஒரு பரப்பு முழுக்க ஒரே ஓட்டமாகப் பரப்புவது. ஆங்கிலத்தில் இந்தச் சொல்லும் ‘வாட்டர்’ என்பதும் ஒரே வேரில் பிறந்தவை. கழுவுதல் முதற்பொருள், நீர்த்த ஒன்றைப் பரப்பில் தடவுதல் பின்னால் வந்த பொருள். ‘வைட்வாஷ்’ இந்தப் பின்னதைச் சேர்ந்தது. அதை நாம் வெள்ளையடித்தல் என்கிறோம். வெள்ளைக் கழுவல் என்று யாரும் சொல்வதில்லை. மொரிஷியசில் நமக்குப் பழக்கமான பிரெஞ்சிலும் இதே கதைதான். கழுவு என்னும் வினையிலிருந்து பிறந்த ‘லாவி’, மையையோ ஒற்றை வண்ணத்தையோ நீர்த்துப் பூசுவதைக் குறிக்கும். பல வண்ணம் என்றால் அது அக்வரெல்.

கழுவல் என்பவர்களின் வாதம்: ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் கழுவுதான் அடி, தமிழிலும் இருந்தால் என்ன? இருக்கலாம், வேலை கெடாதவரை. கெடுகிறதே! துறைமுகப் படத்தில் கப்பலும் கிடங்குகளும் காய்ந்த பிறகு, மழைத்திரை தோன்ற அவற்றின்மேல் மெல்லிய சாம்பல் ஒன்றை ஓட்டவேண்டும். இந்த இடத்தில் “கப்பலின்மேல் ஒரு கழுவல் கொடுக்கவும்” என்று எழுதினால், பழகுபவர் வெறும் ஈரத்தூரிகையை எடுத்துத் தேய்ப்பார். கப்பல் கரைந்து சேறாகும். சொன்னதைத்தான் அவர் செய்தார்.

அதைவிடப் பெரிய தடை ஒன்று உண்டு: உண்மையிலேயே கழுவும் முறையும் இருக்கிறது. 1903இல் கல்கத்தா வந்த ஜப்பானிய ஓவியர்கள் யோகோயாமா தைக்கான், ஹிஷிதா ஷுன்ஸோ ஆகியோரின் தொடர்பில் அவனீந்திரநாத் தாகூர் வளர்த்தெடுத்த வங்காள முறையில், வண்ணம் காய்ந்த படத்தையே நீரால் நனைத்து, மீண்டும் தீட்டி, மீண்டும் நனைப்பார்கள். கழுவல் என்ற பெயர் அதற்குத்தான் உரியது. இரண்டையும் ஒரே சொல்லில் அடைத்தால் நாளை அந்த முறையை விளக்கச் சொல் கிடைக்காது.

அலசல் என்பது இன்னொரு முன்மொழிவு. பத்திரிகைக்காரர்கள் அதை ஆய்வுக்கு எடுத்துக்கொண்டு வெகுகாலமாயிற்று. ‘வானத்தின் அலசல்’ வானிலைக் கட்டுரைபோல் ஒலிக்கும்.

என் தேர்வு நீர்ப்பூச்சு. பூச்சு என்றால் சுவர்ச் சாந்துபோல் தடித்ததாயிற்றே என்பார்கள். சந்தனமும் திருநீறும்கூடப் பூசுபவைதான். நீரில் குழைத்த திருநீற்றின் ஊடே நெற்றித்தோல் தெரிவதில்லையா? நீர்வண்ணத்துக்கு உயிரே தாளின் வெண்மை அப்படி ஊடே தெரிவதில்தான் இருக்கிறது.

வகைகளும் எளிதில் அமையும்: ஒரே அடர்த்தியில் ஓடுவது சமப்பூச்சு, மேலிருந்து கீழே வெளிறுவது இறங்குபூச்சு, நனைத்த தாளில் விடுவது ஈரப்பூச்சு, காய்ந்ததன்மேல் மெல்ல ஓட்டுவது மேற்பூச்சு. இச்சொற்களால் துறைமுகக் குறிப்பை எழுதிப் பாருங்கள். சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ள தாளைப் பலகையில் ஒட்டி, பலகையின் தலைப்பக்கத்தைச் சற்று உயர்த்துங்கள். அல்ட்ராமரீன் நீலத்தோடு பர்ன்ட் சியென்னா என்னும் செம்பழுப்பைக் கலந்த சாம்பலைத் தேவைக்கு மேலாகவே கரைத்து வையுங்கள். நடுவில் தீர்ந்தால் மறுபடி அதே நிறம் வராது. தாளை நனைத்து வானத்துக்கு ஈரப்பூச்சு. மினுமினுப்பு அடங்கும் நேரத்தில் லெ பூஸ் மலை முகட்டைக் கெட்டியான வண்ணத்தால் தொடுங்கள், விளிம்பு மேகத்தில் கரையும். காய்ந்தபின் கடலுக்குச் சமப்பூச்சு: ஒவ்வொரு வீச்சின் அடியிலும் தேங்கும் ஈர விளிம்பை அடுத்த வீச்சு தொட்டுக்கொண்டே இறங்கவேண்டும், விட்டால் கோடு விழும். கடைசியில் தேங்கியதைப் பிழிந்த தூரிகையால் உறிஞ்சாவிட்டால், அது பாதி காய்ந்த வண்ணத்துக்குள் திரும்பிப் புகுந்து காலிபிளவர்போல் விளிம்பு கட்டும். பிரெஞ்சில் ஓரெயோல். ஜனவரி மழையில் தாள் காய நெடுநேரம் பிடிக்கும். தொட்டால் குளிர்ச்சியாக இருந்தால் உள்ளே இன்னும் ஈரம் இருக்கிறது, மேற்பூச்சுக்கு அவசரம் வேண்டாம்.

இதில் எந்த வரியிலாவது கழுவலைப் போட்டுப் படித்துப் பாருங்கள், குழப்பம் தெரியும். மொழிபெயர்ப்பவர்கள் அகராதியின் முதல் பொருளோடு நின்றுவிடுவதால் வரும் வினை இது. தூரிகை பிடித்தவர் ஒருவரிடம் காட்டியிருந்தால் போதும். ‘லிஃப்டிங்’கைத் தூக்குதல் ஆக்குவதும் இதே அவசரம்தான். அலைமேல் வெளிச்சம் வர, காய்ந்த வண்ணத்தை ஈரத்தூரிகையால் இளக்கித் துணியால் எடுப்பதற்கு ஒற்றியெடுத்தல் என்று நல்ல தமிழ் இருக்கிறது.