முல்லோவே: இருட்டில் லூரைக் கவ்வுவது ஏன், கையில் வந்தபின் இனம் பிரிப்பது எப்படி

ஆஸ்திரேலியாவில் குவின்ஸ்லாந்தின் பர்னெட் ஆற்றிலிருந்து தெற்கே சுற்றிக்கொண்டு மேற்குக் கரையின் நார்த் வெஸ்ட் கேப் வரை முல்லோவே கிடைக்கிறது. நம் கடற்கரையில் கத்தாழை என்கிறோமே, அந்தக் குடும்பத்து மீன்தான். ஒன்றரை மீட்டரைத் தாண்டி வளரும். 70 கிலோவை எட்டிய மீன்களும் உண்டு. சிட்னிக்கு வடக்கே ஹாக்ஸ்பரி ஆறு, பெர்த் நகரின் ஸ்வான் ஆறு ஆகியவற்றின் பாலங்களில் இரவில் லூர் (செயற்கை இரை) வீசுபவர்கள் தேடுவது பெரும்பாலும் இதைத்தான். இதை அதிர்ஷ்ட மீன் என்று சொல்வார்கள். அதன் புலன்கள் வேலை செய்யும் விதம் புரிந்தால் அதிர்ஷ்டத்தின் பங்கு வெகுவாகக் குறைந்துவிடும்.

பாலத்து விளக்கு தண்ணீரில் விழும் இடத்தில் மடவைக் குஞ்சுகளும் முரலும் கூடும். முல்லோவே அந்த வெளிச்சத்துக்குள் வந்து நிற்பதில்லை. பாலத்தின் நிழலுக்குள், நீரோட்டத்தை எதிர்த்துத் தலை வைத்து, நிழலின் விளிம்பை ஒட்டி நிற்கும். இருட்டு அறைக்குள் இருப்பவருக்குத் தெருவிளக்கடியில் போகிறவர் நன்றாகத் தெரிவார். அவருக்கு இவரைத் தெரியாது. அதே ஏற்பாடுதான் இங்கும். நீரோட்டம் இரையை வெளிச்சத்திலிருந்து நிழலுக்குள் தள்ளும் கணத்தில் மீன் எழுந்து விழுங்கும். ஆகவே லூரை நீரோட்டத்தின் மேற்பக்கமாக வீசி, நீரோடு இறங்கி வந்து நிழல் விளிம்பைக் கடக்கும்படி விட வேண்டும். கீழ்ப்பக்கம் வீசி எதிர்நீரில் இழுத்தால் லூர் மீனின் முதுகுப்புறமிருந்து வரும். தளர்ந்த சிறு மீன் எதுவும் அப்படி நீந்துவதில்லை.

கண்ணுக்கு அடுத்தது பக்கக்கோடு. உடலின் இருபுறமும் வால் வரை ஓடும் இந்தக் கோட்டிலுள்ள உணர்செல்கள் அருகே நீர் அசைவதை அறியும். ஆனால் அதன் எல்லை குறுகியது. மீனின் உடல் நீளத்தைப் போல ஒன்றிரண்டு மடங்குக்கு மேல் எட்டாது. லூரை மெதுவாக, ஒரே வேகத்தில் சுற்றச் சொல்வதன் காரணம் இதுதான். வேகம் மாறிக்கொண்டே இருந்தால் கலங்கலில் மீன் குறி தவறும். துடுப்பு வால் உள்ள சாஃப்ட் பிளாஸ்டிக் (மென்மையான பிளாஸ்டிக் லூர்), வால் துடிக்கும் அளவுக்கு மட்டும் ஓடினால் போதும். கீழிருந்து பார்க்கும் மீனுக்கு நிறத்தைவிட நிழலுருவம்தான் தெரியும் என்பதால் நிலா வெளிச்சத்தில் கறுப்பு, அடர் ஊதா லூர்கள் எடுபடுகின்றன.

காதும் கூர்மை. இக்குடும்பத்து மீன்கள் காற்றுப்பையைத் தசையால் அதிரவைத்துப் பறை போல ஒலி எழுப்புபவை. படகுத் தளத்தில் ஈயக்குண்டு விழுந்தாலோ நங்கூரச் சங்கிலி சடசடவென்று இறங்கினாலோ ஆழமில்லாத இடத்தில் அன்றைய வேலை கெட்டுப்போகும். தலைவிளக்கைத் தண்ணீரில் அடிப்பதும் அப்படித்தான்.

கருவிகள்: 2.1 மீட்டர் நீளத்தில் 6 முதல் 10 கிலோ நூலுக்கான ராடு, 4000 அளவு ஸ்பின்னிங் ரீல், 9 கிலோ பிரெய்டு (பின்னிய நூல்), அதன் நுனியில் லூருக்கு முன் கட்ட ஒன்றரை மீட்டருக்குக் குறையாத 18 கிலோ ஃபுளோரோகார்பன் லீடர். பாலத் தூண்களில் சிப்பி ஒட்டியிருந்தால் லீடர் 25 கிலோவுக்குப் போகலாம். லூர் 12 முதல் 18 சென்டிமீட்டர். கொக்கி 5/0 முதல் 7/0. ஜிக் ஹெட்டின் (கொக்கியோடு சேர்ந்த எடைத்தலை) எடையில்தான் பலர் சறுக்குகிறார்கள். கனம் கூடினால் லூர் சேற்றில் குத்தி நிற்கும். குறைந்தால் நீரோட்டம் மேலே தூக்கிவிடும், மீனோ அடியில் நிற்கும். 7 கிராமில் தொடங்கி, லூர் சில விநாடிக்கு ஒருமுறை தரையைத் தொட்டு எழும்வரை ஏற்றிக்கொண்டே போக வேண்டும். ஓட்டம் பலமானால் 28 கிராம் வரை தேவைப்படும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் நீரோட்டம் கடுமையாக இருப்பதால் நீர் நிற்பதற்கு முந்தைய ஒரு மணி நேரமும் திரும்பிய பின் ஒரு மணி நேரமும்தான் லூரை அடியில் வைத்திருக்க முடியும். மீனும் அப்போதுதான் ஒதுங்கிடத்தை விட்டு வெளியே வந்து மேயும்.

முல்லோவே வாயைத் திறந்து நீரோடு சேர்த்து இரையை உறிஞ்சும். கையில் ஒரு கனத்த ‘டொக்’ கேட்கும். சில சமயம் நூல் தளர்ந்துவிடும். தளர்ந்தால் வேகமாகச் சுற்றி இறுக்கியபின் ராடைத் தூக்க வேண்டும். டிராக் (ரீல் நூலை விட்டுக்கொடுக்கும் பிடி) 2 முதல் 2.5 கிலோ, அதாவது பிரெய்டின் தாங்குசக்தியில் சுமார் கால் பங்கு. அதற்குமேல் இறுக்கினால் வாயோரத்து மெல்லிய தோல் கிழிந்து கொக்கி கழன்றுவிடும். கடைசியில் படகின் பக்கத்தில் வந்தபின் இன்னொரு ஓட்டம் நிச்சயம் உண்டு. மும்முனைக் கொக்கியுள்ள லூர் என்றால், அதன் கொக்கிகளை முன்கூட்டியே தடித்ததாக மாற்றிவிடுங்கள். மெல்லியவை பாரத்தில் நிமிர்ந்துபோகும்.

வலையில் வந்ததும் அளவுகோலை எடுப்பதற்கு முன் இனத்தைப் பாருங்கள். கிழக்குக் கரையில் அதிகம் குழம்புவது இதே குடும்பத்து டெராக்ளின் என்ற மீனோடு. இதற்கு நிறத்தை நம்ப வேண்டாம். டார்ச் ஒளியில் இரண்டுமே வெள்ளி. வாலை விரித்துப் பாருங்கள். டெராக்ளினின் வால் உள்ளே குழிந்திருக்கும். முல்லோவேயின் வால் குழியாது. விளிம்பு மெல்ல வெளியே வளைந்து நிற்கும், குட்டி மீனில் கூம்பியே இருக்கும். வால் நுனி சிதைந்திருந்தால் வாயைத் திறக்கவும்: டெராக்ளினின் வாய் உட்புறம் மஞ்சளோடிய ஆரஞ்சு. முல்லோவேயின் பக்கத் துடுப்பு தொடங்கும் இடத்தில் கறுப்புத் திட்டு ஒன்றும், பக்கக்கோட்டின் வழியே முத்துபோன்ற வெள்ளிப் புள்ளி வரிசையும் இருக்கும்.

வடக்கே போனால் கருப்பு ஜூஃபிஷ் சேர்ந்துகொள்ளும். நம் வலைகளில் விழும் கூறல் இதே இனம்தான். உடல் கருமை, இளமையில் முதுகிலும் துடுப்பிலும் கரும்புள்ளிகள். வடக்குக் கரையில் சில்வர் டெராக்ளின் எனப்படுவது நம் பன்னா. தாடை முன்புறத்தில் துருத்தும் நாய்ப்பற்களே அதைக் காட்டிக்கொடுத்துவிடும். நிபுணர்களும் இக்குடும்பத்தில் தடுமாறியிருக்கிறார்கள்: தென்னாப்பிரிக்காவில் ஒரே இனமாக எண்ணப்பட்ட கோப் மீனில் இரண்டு இனங்கள் கலந்திருப்பது 1995இல்தான் பிரித்துக் காட்டப்பட்டது. அவற்றில் ஒன்று முல்லோவே.

இந்தப் பிரிப்பு சட்டத்துக்கும் தேவை. நியூ சவுத் வேல்ஸில் முல்லோவேக்குக் குறைந்தபட்ச நீளம் 70 சென்டிமீட்டர், நாளொன்றுக்கு ஒன்று. டெராக்ளினுக்கு 38 சென்டிமீட்டர், ஐந்து. 50 சென்டிமீட்டர் மீன் ஒன்றை வாலைப் பார்க்காமல் பெட்டியில் போட்டால் அபராதம் வரும். அதைவிட வருத்தம், அது முட்டையே இடாத மீனாக இருக்கக்கூடும். அங்கே பெண் மீன்கள் சுமார் 68 சென்டிமீட்டரில்தான் பருவமடைகின்றன. 2013 வரை 45 சென்டிமீட்டர் மீனையே எடுக்க அனுமதி இருந்தது. குவின்ஸ்லாந்தில் அளவு வேறு, எனவே மாநில விதியைப் போகும் முன் பார்த்துவிடுங்கள்.

விட வேண்டிய மீனைச் செவுளில் கைவிட்டுத் தூக்கவே கூடாது; செவுள் வளைவு கிழிந்தால் நீந்திப் போனபின்னும் ரத்தம் போய்ச் சாகும். ஈரக் கையால் வயிற்றடியில் தாங்கி, கிடைமட்டமாக வைத்துக் கொக்கியைக் கழற்றுங்கள். ஆழத்திலிருந்து வந்த மீனின் காற்றுப்பை உப்பியிருக்கும். அதைத் தாமதிக்காமல் நீரில் விட்டு, தானே உதறிக்கொண்டு போகும்வரை நீரோட்டத்தை நோக்கிப் பிடித்திருங்கள்.