ஒரே அளவுதானேண்ணே, அப்புறம் என்ன?

போன மாதம் ஒரு நாள் காலை, டயர் கடையைத் திறந்து கம்ப்ரஸரைப் போட்டுவிட்டு டீக்குச் சொல்லியிருந்த நேரம், பாம்பனிலிருந்து ஒரு தம்பி பொலிரோ பிக்கப்பை மெதுவாக ஓட்டிக்கொண்டு வந்து நிறுத்தினார். பின் இடது பக்கம் ஸ்டெப்னி ஓடுகிறது, வெடித்த டயர் மீன் பெட்டிகளுக்கு நடுவில் கிடக்கிறது. "நாலு மாசம்தாண்ணே ஆச்சு, பட்டனைப் பாருங்க, தேயவே இல்ல" என்று டயரை இறக்கிப் போட்டார். அவர் சொன்னது பொய்யில்லை, பட்டன், அதாவது ரோட்டில் படுகிற வரிப் பகுதி, புதுசு மாதிரிதான் இருந்தது. ஆனால் பக்கச் சுவரில் சுற்றிலும் கோடு போட்டதுபோல் ஒரு மடிப்பு விழுந்து, அந்த மடிப்பில்தான் ஒரு சாண் நீளத்துக்குக் கிழிந்திருந்தது. உள்ளே கையை விட்டால் ரப்பர் பொடிப்பொடியாக விரலில் ஒட்டுகிறது, காபித்தூள் மாதிரி.

அந்தத் தூளைப் பார்த்ததுமே காரணம் பாதி புரிந்துவிடும். காற்று குறைவாக ஓடியிருக்க வேண்டும், இல்லை தாங்க முடியாத எடையைச் சுமந்திருக்க வேண்டும். பக்கச் சுவர் மடங்கி மடங்கி நிமிர்ந்து, சூடேறி, உள்ளேயே அரைபட்டுப் போயிருக்கிறது. ஈரத் துணியால் துடைத்து எழுத்தைப் படித்தேன். 215/75 ஆர் 15, பக்கத்தில் 100 எஸ். அது பொலிரோ ஜீப்புக்குப் போடுகிற டயர். வாங்கின இடத்தில் விலை குறைவு, ரிம்மில் கச்சிதமாக உட்கார்ந்தது, போட்டுவிட்டார்கள். "ஒரே அளவுதானேண்ணே, அப்புறம் என்ன?" என்றார் தம்பி. இந்தக் கேள்வியை மாதத்துக்கு நாலு பேராவது கேட்கிறார்கள், அதனால்தான் எழுதுகிறேன்.

அளவு என்பது சட்டையின் சைஸ் மாதிரி, உடம்புக்குச் சரியாக இருக்கிறதா என்று மட்டும்தான் சொல்லும். எவ்வளவு சுமக்கும் என்பதை அதற்குப் பின்னால் வருகிற எண்தான் சொல்லும். 100 என்றால் ஒரு டயருக்கு 800 கிலோ. 104 என்றால் 900, 106 என்றால் 950, 108 என்றால் 1,000, 112 என்றால் 1,120. எண்ணில் ரெண்டு மூணுதானே வித்தியாசம் என்று நினைக்காதீர்கள், கிலோவில் அது ஒரு மீன் பெட்டி, ரெண்டு மீன் பெட்டி. எண்ணோடு ஒட்டிய எழுத்து வேகத்துக்கானது. எஸ் என்றால் மணிக்கு 180 கிலோமீட்டர் வரை, கியூ என்றால் 160, என் என்றால் 140. ஜீப் டயரின் எஸ் பெரிய எழுத்துதான், ஆனால் கணவாயும் ஐஸும் ஏற்றிக்கொண்டு மதுரைக்குப் போகிற வண்டிக்கு 180 எதற்கு? நமக்கு வேண்டியது எடை.

தம்பியிடம் ஒரு வேலை சொல்லி அனுப்பினேன். அடுத்த லோடு ஏற்றியதும் எடைமேடையில் வண்டியை முழுதாக ஏற்றாமல், பின் சக்கரம் இரண்டை மட்டும் மேடையில் நிறுத்தி எடை போட்டு வாருங்கள் என்று. சீட்டை வாட்ஸப்பில் அனுப்பினார்: 1,860 கிலோ. அப்படியென்றால் ஒரு டயருக்கு 930. அவர் போட்டிருந்தது 800 கிலோ டயர். வேகத்தடையில் ஏறி இறங்கும்போதும் பள்ளத்தில் விழும்போதும் அந்த 930 எத்தனை மடங்காகிறதோ அந்தக் கணக்கு வேறு. நாலு மாதம் தாங்கியதே பெரிது என்றுதான் எனக்குத் தோன்றியது.

பிக்கப் வைத்திருக்கும் எல்லாரும் ஒரே ஒரு முறையாவது இப்படிப் பின் ஆக்ஸிலை மட்டும் எடை போட்டுப் பாருங்கள். ஆர்சி புத்தகத்தில் இருக்கும் எடையை நம்பி டயர் வாங்குவது வேறு, நீங்கள் உண்மையில் ஏற்றுகிற எடைக்கு வாங்குவது வேறு. நாம் என்ன ஏற்றுகிறோம் என்பது நமக்கும் ஐஸ் கம்பெனிக்கும்தான் தெரியும். சரி, பெரிய எண் டயரைப் போட்டுவிட்டு இன்னும் அரை டன் ஏற்றலாமே என்று யோசிக்கிறவர்களுக்கும் சொல்லிவிடுகிறேன். டயர் தாங்கும், ஆக்ஸிலும் ஸ்பிரிங் பட்டையும் பிரேக்கும் தாங்காது. அவற்றுக்கு கம்பெனி வைத்த வரம்பு அப்படியேதான் இருக்கிறது.

லோடு வண்டி டயரில் சில சமயம் 106/103 என்று இரட்டை எண் இருக்கும். முதல் எண் ஒரு பக்கத்துக்கு ஒரே டயர் ஓடும்போது, இரண்டாவது பின்னால் ஜோடி டயர் ஓடும்போது. நம் பிக்கப்புக்கு முதல் எண்தான். எல்டி (லைட் டிரக், சின்ன லோடு வண்டி டயர்) என்றோ, 6 பிஆர், 8 பிஆர் என்றோ போட்டிருப்பதையும் பாருங்கள். 8 பிஆர் என்றால் உள்ளே எட்டு அடுக்கு இருக்கிறது என்று அர்த்தமில்லை, பழைய நாள் எட்டு அடுக்கு டயரின் பலத்துக்குச் சமம் என்று அர்த்தம், அவ்வளவுதான். டாடா ஏஸுக்கு 145 ஆர் 12 எல்டி 8 பிஆர் என்று கேட்டு வாங்குகிற அண்ணன்மாருக்கு இது ஏற்கெனவே பழக்கம். சிக்கல் பெரும்பாலும் 15 இன்ச் ரிம்காரர்களுக்குத்தான், ஏனென்றால் அந்த அளவில் ஜீப் டயரும் லோடு டயரும் ஒரே அலமாரியில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். படிக்கச் சிரமமாக இருந்தால் ஐஎஸ்ஐ முத்திரையோடு இருக்கும் எண்ணைப் பாருங்கள். 15633 என்றால் கார் வகை, 15636 என்றால் கமர்ஷியல் வகை. கடைக்காரர் என்ன சொன்னாலும் ரப்பரில் அச்சான எழுத்து மாறாது.

அடுத்தது தேதி. நாலு இலக்கம், நீள்வட்டக் கட்டத்துக்குள் இருக்கும். 1424 என்றால் 2024-ஆம் ஆண்டின் 14-ஆவது வாரம். இது பல டயர்களில் ஒரு பக்கம் மட்டும்தான் அச்சாகியிருக்கும். மாட்டியபிறகு அந்தப் பக்கம் உள்ளே போய்விட்டால் வண்டிக்கு அடியில் படுத்துத்தான் படிக்க வேண்டும், அதனால் ரிம்மில் ஏற்றுவதற்கு முன்பே பாருங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகு கடலுக்குப் போகாது, வண்டிகளும் பாதி சும்மா நிற்கும். தடை முடிகிற வாரம் எல்லாரும் ஒரே சமயத்தில் டயர் மாற்ற ஓடி வருவார்கள். அந்த அவசரத்தில்தான் பழைய சரக்கு கைமாறும். தகரக் கொட்டகையில் ரெண்டு மூணு கோடை பார்த்த டயர், துடைத்து வைத்தால் கன்னங்கரேல் என்று பளபளக்கும். என் கணக்கு இதுதான்: தயாராகி ஒரு வருடத்துக்குள் இருந்தால் யோசிக்கவே மாட்டேன், ரெண்டு வருடம் என்றால் விலை பேசுவேன், மூன்றைத் தாண்டினால் என் வண்டிக்குப் போட மாட்டேன்.

அந்தத் தடைக்காலத்தில் வண்டி நிற்கிற விதமும் டயரைத் தின்னும். காற்று இறங்க இறங்க ஒரே இடத்தில் அழுந்தி நின்று, முதல் நாள் ஓட்டும்போது ஸ்டியரிங் தடதடக்கும். வாரத்துக்கு ஒரு தடவை காற்றைப் பார்த்து, வண்டியை நாலடி முன்னே பின்னே நகர்த்தி, வெயில் படுகிற பக்கம் சாக்கைத் தொங்கவிட்டால் போதும். செலவில்லாத வேலை.

உப்புதான் நம் ஊரின் தனிப் பிரச்சினை. ஐஸ் உருகி, மீன் தண்ணியோடு பாடி ஓட்டை வழியாக வழிந்து, நேராகப் பின் ரிம்மின் உள்பக்கத்தில்தான் விழுகிறது. பெரியபட்டினத்து பாய் ஒருவர் "மூணு நாளைக்கு ஒரு தடவை காத்து இறங்குது, பஞ்சரே இல்லன்னு சொல்றாங்க" என்று வந்தார். டயரைக் கழற்றினால், டயர் உட்கார்கிற ரிம் விளிம்பு முழுக்கத் துரு, நகத்தால் சுரண்டினால் அப்பளம் மாதிரி பெயர்ந்து வருகிறது. அந்தப் பொருக்குக்கும் ரப்பருக்கும் நடுவில் மயிரிழை இடைவெளி, காற்று அதன் வழியாகப் போய்க்கொண்டிருக்கிறது. கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்து, பிரைமர் அடித்து, காயவைத்து, பெயின்ட் அடித்து மாட்டினோம். அரை நாள் வேலை. புது டயர் வாங்கும் அன்றே இதைச் செய்யச் சொல்லுங்கள், துருப்பிடித்த ரிம்மில் புது டயரை ஏற்றி என்ன பிரயோஜனம்? அந்த பாடி ஓட்டையில் ஒரு முழம் ஹோஸ் பைப்பைச் செருகி, தண்ணீரைச் சக்கரத்துக்குப் பின்னால் விழ வைப்பதும் நல்லது. சிலர் காற்று இறங்குகிறது என்று டியூப்லெஸ் டயருக்குள் டியூபைத் திணித்துவிடுவார்கள். அது அந்த டயருக்குள் உரசிச் சூடேறும், ஆணி ஏறினால் காற்று ஒரேயடியாகப் போகும். தயவுசெய்து வேண்டாம்.

கருவேல முள்ளைப் பற்றிச் சொல்லாவிட்டால் ராமநாதபுரத்துக்காரன் இல்லை. நடுப் பட்டனில் ஏறினால் பஞ்சர் ஒட்டலாம். பக்கச் சுவரிலோ, சுவரும் பட்டனும் சேருகிற தோளிலோ ஏறினால் ஒட்டி லோடு ஏற்றக் கூடாது, அந்த இடம்தான் அதிகம் மடங்குகிற இடம். திரி சொருகி அனுப்பச் சொல்லிச் சண்டை போடுகிறவர்கள் உண்டு, நான் செய்வதில்லை.

கரைவலை இழுக்கிற இடத்துக்கு மணலில் வண்டியை இறக்குகிறவர்கள் சக்கரம் புதையாமல் இருக்கக் காற்றைக் குறைப்பது சரிதான். ஆனால் லோடை ஏற்றிக்கொண்டு அதே காற்றோடு கிழக்குக் கடற்கரைச் சாலையில் 80-இல் பறப்பதுதான் தப்பு. முதலில் நான் சொன்ன காபித்தூள் அப்படியும் வரும். காற்று எவ்வளவு என்பது கதவோரத்து ஸ்டிக்கரிலோ மேனுவலிலோ இருக்கும், லோடுக்கு ஒன்று, காலிக்கு ஒன்று என்று பின் டயருக்கு வேறு வேறாக இருக்கும். காலையில் வண்டி ஓடுவதற்கு முன் பிடிக்க வேண்டும். மதியம் சூட்டில் பார்த்துவிட்டு "அதிகமா இருக்கே" என்று இறக்கிவிடாதீர்கள்.

ரெண்டு டயர் வாங்கத்தான் காசு இருக்கிறது, முன்னால் போடவா பின்னால் போடவா? எங்கள் ஊர் டிரைவர்கள் பத்துக்கு எட்டுப் பேர் முன்னால் என்பார்கள். நான் பின்னால் என்பேன். லோடு அங்கேதான் இருக்கிறது, ஐப்பசி மழையில் வழுக்கினால் வண்டியின் பின்பக்கம் சுற்றுவதுதான் அடக்க முடியாதது. அதற்காக முன்னால் மொட்டை டயர் ஓடலாம் என்று அர்த்தமில்லை. பட்டன் பள்ளத்துக்குள் ஒரு சின்ன மேடு இருக்கும், தேய்ந்து அதன் மட்டத்துக்கு வந்துவிட்டால் 1.6 மில்லிமீட்டர்தான் மிச்சம், சட்டமே அதற்குக் கீழே போகக் கூடாது என்கிறது. ரீபட்டன் டயர், அதாவது தேய்ந்த டயரில் புதுப் பட்டன் ஒட்டியது, உள்ளூர் செங்கல் லோடுக்கு ஓட்டுகிறவர்கள் ஓட்டட்டும், ராத்திரியில் மீனோடு நெடுந்தூரம் போகிற வண்டிக்கு நான் போட்டுத் தர மாட்டேன். பெரிய பெரிய பட்டன் வைத்த முரட்டு டயர் கேட்கிற இளவட்டங்களுக்கு ஒரு வார்த்தை: தார் ரோட்டில் சத்தமும் டீசல் செலவும்தான் கூடும்.

பில் வாங்குங்கள், அதில் டயரின் சீரியல் எண் இருக்கட்டும், இல்லாவிட்டால் வாரன்டி கேட்டுப் போகவே முடியாது. 2025 செப்டம்பர் 22 முதல் புது டயருக்கு ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகிவிட்டது, பில்லில் அதையும் பாருங்கள்.

பாம்பன் தம்பிக்கு எல்டி, 8 பிஆர், 106 எண்ணில் ஒரு ஜோடி போட்டேன். "உங்க லோடுக்கு டயருக்கு 20 கிலோதான் மிச்சம் இருக்கு, ஐஸைக் கூட்டிராதீங்க" என்றேன். சிரித்தார். போகும்போது கழற்றின டயர் ரெண்டையும் கேட்டார், மாமா படகின் ஓரத்தில் கட்டித் தொங்கவிட வேண்டுமாம், ஜெட்டியில் படகு இடிக்காமல் இருக்க. வெடிக்காத டயர் பார்க்க நன்றாகத்தான் இருந்தது, அப்படியே வெளியே போனால் எங்காவது செகண்ட்ஸ் டயராக இன்னொரு வண்டிக்கு ஏறிவிடும். கத்தியை எடுத்துப் பக்கச் சுவரில் ஒரு கீறல் போட்டுக் கொடுத்தேன். படகில் தொங்க அது போதும்.