உருக்குவது லேசு, ஓட வைப்பதுதான் வேலை

இருநூறு கிராம் வெள்ளியை உருக்க எவ்வளவு சக்தி வேண்டும்? ஏ.எல். பௌதிகவியல் கணக்குத்தான். 30 பாகையிலிருந்து உருகுநிலையான 962 பாகை செல்சியஸ் வரை சூடாக்க 45 முதல் 50 கிலோயூல். திண்மத்தைத் திரவமாக்கும் மறைவெப்பம் இன்னொரு 21 கிலோயூல். எல்லாம் சேர்த்து 70 கிலோயூலைச் சுற்றி வரும். தேநீருக்கு ஒரு லீற்றர் தண்ணீரைக் கொதிக்க வைக்க ஏறத்தாழ 290 கிலோயூல் போகிறது. வெள்ளிக்கு அதில் கால்வாசி போதும்.

ஆகவே சக்தி ஒரு பிரச்சினையே இல்லை. அந்த வெப்பத்தை ஒரு சின்ன இடத்துக்குள் தப்பவிடாமல் பிடித்து வைப்பதும், உருகியதை அச்சின் மூலை முடுக்கெல்லாம் ஒரு நொடிக்குள் போகச் செய்வதும்தான் கஷ்டம். காத்தான்குடிப் பக்கத்து நகைப் பட்டறைகளில் தட்டார்கள் இதைக் கண்ணாலும் கையாலும் செய்கிறார்கள். மூசையில், அதாவது உலோகம் உருக்கும் சின்னக் கிண்ணத்தில், கிடக்கும் வெள்ளியின் முகம் பளபளத்து உருளத் தொடங்கியதும் சாய்க்க வேண்டும் என்பது அவர்களுக்கு யாரும் சொல்லத் தேவையில்லாத விஷயம். அந்தப் பழக்கம் இல்லாத ஒருவருக்கு, கூத்துச் சதங்கைக்கு மணி வார்க்க ஆசைப்படுகிறவருக்கோ, முப்பரிமாண அச்சுப்பொறியில் மோதிரம் வடிவமைத்து வைத்திருக்கும் பொடியனுக்கோ, அதை ஒரு மின் இயந்திரமாகச் செய்து கொடுக்க முடியுமா? அதுவும் பாகங்களாக அனுப்பி அவரே பூட்டிக்கொள்ளும்படி, செலவைப் பலரிடம் முன்கூட்டியே சிறு தொகைகளாகத் திரட்டி?

முடியும். ஆனால் எங்கே மினக்கெட வேண்டும் என்று தெரிந்திருக்க வேண்டும்.

முறை பழையது. வேண்டிய வடிவத்தை மெழுகில் செய்து, அதற்கு ஒரு மெழுகுக் காம்பு வைத்து, எவர்சில்வர் உருளைக்குள் நிறுத்தி, சுற்றிலும் கூழ் போன்ற கலவையை ஊற்றுகிறோம். ஜிப்சமும் சிலிக்காவும் சேர்ந்த மாவு அது. இறுகியதும் உலையில் வைத்துச் சுட்டால் மெழுகு உருகி எரிந்து போய்விடும், அதன் வடிவத்தில் ஒரு வெற்றிடம் மிஞ்சும். அதற்குள் உலோகம் போகிறது.

மாவைக் கரைக்கும்போது உள்ளே சிக்கும் காற்றுக் குமிழிகள் மோதிரத்தில் பருக்களாக வந்து நிற்கும். அவற்றை எடுக்க ஒரு வெற்றிடப் பம்ப் தேவை. 30 பாகையில் தண்ணீர் கொதிப்பதற்கு அமுக்கத்தை 4.2 கிலோபாஸ்கல் வரை இறக்கினால் போதும். கலவை பொங்கி எழுந்து அடங்கும்போது குமிழிகளும் போய்விடும். பழைய குளிர்சாதனப்பெட்டியின் கம்பிரசரை வைத்தே இதைச் செய்கிறவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். நம்முடைய வெக்கை இந்த இடத்தில் உதவிதான். ஆனால் அதே வெக்கை கலவையைச் சீக்கிரம் இறுக்கிவிடும். பத்து நிமிடத்தைச் சுற்றித்தான் கைவசம் இருக்கிறது, சித்திரை வைகாசியில் அதுவும் குறையும். ஃபிரிட்ஜ் தண்ணீர் ஊற்றிக் கரைப்பதுதான் வழி. மாவு ஈரம் குடித்தாலும் கெடும், வாவிக்கரைக் காற்றில் பையைத் திறந்து வைக்கவே கூடாது. சிலிக்காத் தூசு நுரையீரலுக்கு ஆகாது என்பதால் முகக்கவசமும் கட்டாயம்.

சுடுவதற்கு எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரம் எடுக்கும். அவசரப்பட முடியாததற்குக் காரணம் சிலிக்கா. அதன் ஒரு வகையான கிரிஸ்டபலைட் 200 முதல் 270 பாகைக்குள் திடீரென்று விரிகிறது, குவார்ட்ஸ் 573 பாகையில் விரிகிறது. இந்த இரண்டு இடங்களையும் மெதுவாகக் கடக்காவிட்டால் அச்சு வெடிக்கும். மேலே 730 பாகைக்குப் பக்கத்தில் நிறுத்திவிட வேண்டும். அதைத் தாண்டினால் ஜிப்சம் சிதையத் தொடங்கி, கந்தக வாயு வெளியேறி வெள்ளியைக் கறுக்க வைக்கும்.

இதற்கு நடுவில் கரண்ட் போனால்? 2022இல் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணி நேரம்வரை வெட்டிய நாட்டில் இது கற்பனைக் கேள்வி இல்லை. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி முழு நாடும் இருளானபோது, பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு மின்மாற்றியில் பட்டதுதான் காரணம் என்று அமைச்சர் சொன்னார். குரங்குக்கும் சேர்த்துத்தான் மென்பொருள் எழுத வேண்டும். எந்தக் கட்டத்தில் நின்றது என்பதை இயந்திரம் அழியாத நினைவகத்தில் குறித்துக்கொண்டே போக வேண்டும். கரண்ட் திரும்பியதும் முதலில் வெப்பநிலையைப் பார்க்க வேண்டும். 600 பாகைக்கு மேல் இருந்தால் விட்ட இடத்தில் தொடரலாம். 573ஐத் தாண்டிக் கீழே இறங்கியிருந்தால் தானாகத் தொடரக் கூடாது, ஆளைக் கூப்பிட வேண்டும்.

உருக்கும் அறை அவ்வளவு சிக்கலானதல்ல. காந்தல் என்ற இரும்பு, குரோமியம், அலுமினியக் கலப்புக் கம்பியைச் சுருளாக்கி, வெப்பம் கடத்தாத செங்கலில் வெட்டிய பள்ளத்தில் பதிப்பார்கள். 230 வோல்ற்றில் 1500 வாற் வேண்டுமென்றால் 35 ஓம் தடை தேவை. ஒரு மில்லிமீற்றர் தடிப்புக் கம்பியில் அது 19 மீற்றர் நீளம். சுவர் தடுப்புக்கு வெளிநாட்டுச் செங்கலை மட்டும் நம்ப வேண்டியதில்லை. அம்பாறை மாவட்டத்து அரிசி ஆலைகளில் மலையாகக் குவியும் உமியின் சாம்பலில் பெரும்பகுதி சிலிக்கா, அது நிறைய நுண்துளைகள் கொண்டது, உருக்கு ஆலைகளில் உருகிய உருக்கின் மேல் வெப்பத் தடுப்பாகத் தூவுவதும் இதைத்தான். வெளிச்சுவரின் இடைவெளியில் நிரப்ப அதைவிட மலிவான சாமான் நம்ம பக்கம் கிடைக்காது.

வெப்பநிலையை அளப்பது கே வகை வெப்பவிணை, இரண்டு வேறு உலோகக் கம்பிகளை முனையில் சேர்த்த உணரி. ஒரு பாகைக்கு அது தரும் மின்னழுத்தம் 41 மைக்ரோவோல்ற்று மட்டுமே. அது அளப்பது சூடான முனைக்கும் பெட்டிக்குள் இருக்கும் முனைக்கும் இடையிலான வித்தியாசத்தை. ஆகவே பெட்டிக்குள் மத்தியானம் 45 பாகை ஏறினால் அதையும் தனியாக அளந்து கூட்டிக்கொள்ள வேண்டும். மலிவான சிப் ஒன்றே அந்த வேலையைச் செய்துவிடும். செய்யாதது ஒன்று இருக்கிறது: வெப்பவிணை கம்பிச் சுருளுக்குப் பக்கத்தில் இருந்தால் சுவரின் வெப்பநிலையைத்தான் சொல்லும், மூசைக்குள் இருக்கும் வெள்ளி அதைவிட வெகு பின்னால் வந்துகொண்டிருக்கும். திரையில் 1000 என்று காட்டியவுடன் ஊற்றுகிறவரின் வெள்ளி பாதி வழியிலேயே உறைந்துவிடும்.

இனி ஓட வைக்கும் வேலைக்கு வருவோம். இங்கேதான் இயந்திரத்தின் உயிர் இருக்கிறது.

உருகிய வெள்ளியின் மேற்பரப்பிழுவிசை தண்ணீருடையதைப் போல ஏறக்குறைய பன்னிரண்டு மடங்கு. அது அச்சின் சுவரில் ஒட்டாது, இலையில் விழுந்த பாதரசத் துளி மாதிரி உருண்டு திரளத்தான் பார்க்கும். அரை மில்லிமீற்றர் துளைக்குள் அதைத் தன் பாரத்தாலேயே தள்ள வேண்டுமானால் மேலே சுமார் 8 சென்ரிமீற்றர் உயரத்துக்கு உருகிய வெள்ளி நிற்க வேண்டும். சின்ன உருளை ஒன்றில் நமக்குக் கிடைப்பது இரண்டு மூன்று சென்ரிமீற்றர்தான். ஆகவே வெறுமனே ஊற்றினால் தடித்த மோதிரம் வரும், நுணுக்கமான கொடி வேலை வராது. முனைகள் மழுங்கிப்போய் வரும். கூடவே நேரமும் ஓடுகிறது, மெல்லிய பகுதி உறைய ஒரு நொடிகூட எடுக்காது.

வளிமண்டல அமுக்கத்தை வெள்ளியின் உயரமாக மாற்றிப் பாருங்கள்: 1.1 மீற்றர். அச்சுக் கலவை நுண்துளை உள்ளது என்பதால், உருளைக்குக் கீழே பம்பைப் பொருத்தி இழுத்தால் அச்சுக்குள் இருக்கும் காற்று கலவை வழியாகவே வெளியேறிவிடும். மேலே ஊற்றிய உலோகத்தை வெளிக்காற்று உள்ளே அழுத்துகிறது. பம்ப் முழு வெற்றிடத்தில் எண்பது வீதம் எட்டினாலே கிட்டத்தட்ட 0.9 மீற்றர் உயர வெள்ளியை மேலே நிறுத்திய பலன். 8 சென்ரிமீற்றர் தேவைப்பட்ட துளைக்கு இது பத்து மடங்குக்கு மேல். கவண் மாதிரி அச்சைச் சுழற்றி வார்க்கும் முறையும் உண்டு, நிமிடத்துக்கு 300 சுற்றில், கால் மீற்றர் நீளக் கையில், புவியீர்ப்பைப் போல 25 மடங்கு கிடைக்கும். ஆனால் கை தவறினால் உருகிய வெள்ளி அறை முழுக்கப் பறக்கும். வீட்டில் பூட்டும் இயந்திரத்துக்கு அது வேண்டவே வேண்டாம் என்பது என் கட்சி.

உருளையை வைத்துக் கீழிருந்து பம்ப் இழுக்கும் வெற்றிட மேசையில் முதலில் கருகிப்போகும் சாமான், ஊற்றும்போது 500 பாகையில் இருக்கும் உருளைக்கும் மேசைக்கும் நடுவில் கிடக்கும் சிலிக்கன் வளையம். அதை உதிரிப்பாகமாக ஐந்தாறு கூடவே அனுப்பாத தயாரிப்பாளரை நம்பக் கூடாது.

எதை வார்ப்பது என்பதிலும் ஒரு எச்சரிக்கை. பித்தளை மலிவு என்று எல்லோரும் அதில்தான் தொடங்க நினைப்பார்கள். பித்தளையில் இருக்கும் நாகம் 907 பாகையில் கொதிக்கிறது, பித்தளை உருகுவதும் அதே சுற்றுவட்டாரத்தில்தான். வெள்ளைப் புகையாக வருவது நாக ஒட்சைட்டு, அதைச் சுவாசித்தால் பின்னேரம் குளிர்க் காய்ச்சல் மாதிரி வரும். மணிக்கு வெண்கலமே மேல், செம்பு எண்பது வீதமும் வெள்ளீயம் இருபது வீதமும் போட்டால் நாதமும் நன்றாக இருக்கும்.

சரி, பூட்டும் வேலையில் எதை வாங்குகிறவரிடம் விடலாம்? ஐந்து வோல்ற் சுற்று, திரை, மென்பொருள், பெட்டி, வெற்றிட மேசை எல்லாவற்றையும் விடலாம். 230 வோல்ற் பகுதி மட்டும் பூட்டி, சோதித்து, மூடித்தான் வர வேண்டும். சுருளை இயக்கும் மின்னணுச் சுவிட்சான திண்மநிலை ரிலே பழுதாகும்போது பெரும்பாலும் திறந்து நிற்காது, மூடியே நின்றுவிடும். கட்டுப்பாட்டுப் பலகை ‘நிறுத்து’ என்று எத்தனை தரம் சொன்னாலும் சூடு ஏறிக்கொண்டே போகும். அதனால் தனி வெப்பவிணையும் தனிக் கொண்டாக்டரும் (மின்காந்தத்தால் இயங்கும் சுவிட்ச்) கொண்ட இரண்டாவது வெட்டுச் சுற்று ஒன்று வேண்டும். இதைச் சேர்த்தால் விலை ஏறும், ஏறட்டும். மாரி காலத்தில் செங்கல் ஈரம் குடித்திருந்தால் மின் கசிந்து ட்ரிப் சுவிட்ச் விழும். உடனே சுவிட்சைக் கழற்றிவிட்டு நேரடியாகக் கொடுக்கும் ஆட்கள் நம்மிடம் இருக்கிறார்கள். 100 பாகைக்குச் சற்று மேலே ஒரு மணி நேரம் உலர்த்தும் கட்டத்தை மென்பொருளிலேயே வைத்துவிடுவது நல்லது.

பணம் திரட்டுவது சீட்டுப் போடுவது மாதிரித்தான், ஒரு வித்தியாசத்தோடு: சீட்டில் கடைசி ஆளுக்கும் காசு வரும், இதில் தயாரிப்பு நின்றுபோனால் ஒருவருக்கும் ஒன்றும் வராமல் போகலாம். இப்படிப் பணம் திரட்ட 2009இல் தொடங்கிய கிக்ஸ்டார்டர் என்ற இணையத்தளத்தில் இலக்கை எட்டாவிட்டால் யாரிடமும் பணம் எடுக்கப்படாது, எட்டினால் தளத்துக்கு ஐந்து வீதமும் அதற்கு மேல் பணப் பரிமாற்றக் கட்டணமும் போகும். இலங்கையிலிருந்து அதில் திட்டம் தொடங்க முடியாது. கனடாவிலோ லண்டனிலோ இருக்கும் சொந்தக்காரர் ஒருவரைக் கூட்டாளியாகச் சேர்த்துத்தான் தொடங்க வேண்டியிருக்கும்.

அங்கேதான் சுருளின் கணக்கு மறுபடி குறுக்கே வருகிறது. கனடாவில் வீட்டு மின்சாரம் 120 வோல்ற்று. நம்முடைய 35 ஓம் சுருளை அங்கே செருகினால் 410 வாற்தான் கிடைக்கும், வெள்ளி உருகவே உருகாது. அவர்களுக்கென்று செய்த 9.6 ஓம் சுருள் தவறி இங்கே வந்து 230 வோல்ற்றில் ஏறினால் 5500 வாற்று, கம்பி சில நிமிடங்களில் அறுந்துவிடும், அதற்கு முன் பிளக் கருகும். பாகங்களாக அனுப்பும் இயந்திரத்தில் இப்படி மாறிப் போவது நடக்கக்கூடிய காரியம். ஸ்டிக்கர் ஒட்டுவது போதாது. இரண்டு சுருளுக்கும் முனைகளின் அளவையே வேறு வேறாக வைத்து, ஒன்றின் பெட்டியில் மற்றது நுழையவே நுழையாதபடி செய்துவிட வேண்டும்.