இரட்டை பூட்: பார்ட்டிஷன் பிழை வந்ததும் கையைக் கட்டிக்கொள்ளுங்கள்

விண்டோஸும் லினக்ஸும் ஒரே கணினியில் இருக்கட்டும் என்று உட்கார்ந்து, நடுவழியில் "எல்லாம் போச்சு" என்று கொண்டுவரப்படும் கணினிகளைச் சரிசெய்வது என் வேலையில் ஒரு பகுதி. அவற்றில் பெரும்பாலானவற்றில் கோப்புகள் இருந்த இடத்தில்தான் இருக்கும். எந்தப் பார்ட்டிஷன் (வட்டைப் பிரித்த பகுதி) எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று எழுதிவைத்த அட்டவணைதான் கலைந்திருக்கும். சில சமயம் அதுவும் ஒழுங்காக இருக்கும். இயங்குதளத்தை ஏற்றிவிடும் பூட் லோடர் மட்டும் வழி தெரியாமல் நிற்கும். மீட்க முடியாத சேதம் அதற்கு அப்புறம் நடக்கிறது. பதற்றத்தில் ஒரு ஃபார்மட், "முதலிலிருந்து போட்டுப் பார்ப்போம்" என்று இன்னொரு இன்ஸ்டால், எங்கோ படித்த ஒரு கட்டளை. அதனால்தான் நான் கேட்கும் முதல் கேள்வி, பிழை வந்த பிறகு என்ன செய்தீர்கள் என்பது. பாதிப் பேர் பதில் சொல்லத் தயங்குவார்கள்.

அந்த அட்டவணை எவ்வளவு சின்னது என்று தெரிந்தால் பயம் கொஞ்சம் குறையும். பழைய எம்பிஆர் முறையில் அது வட்டின் முதல் செக்டாரிலேயே (வட்டின் மிகச் சின்னக் கூறு) 64 பைட்டுக்குள் அடங்கிவிடும். ஒரு பார்ட்டிஷனுக்கு 16 பைட். ஆக, நான்கு பிரைமரி (முதன்மை) பார்ட்டிஷன்தான். 512 பைட் செக்டார் உள்ள வட்டில் 2 டிபிக்கு மேல் அந்த அட்டவணையால் கணக்கு வைக்கவும் முடியாது. புதிய ஜிபிடி முறையில் வழக்கமாக 128 பார்ட்டிஷனுக்கு இடம் உண்டு. அட்டவணை வட்டின் தொடக்கத்தில் ஒன்று, அதன் நகல் வட்டின் கடைசியில் ஒன்று என்று இரண்டு இருக்கும். தொடக்கத்தில் உள்ளது கெட்டுப்போனால் ஜிடிஸ்க் போன்ற கருவி கடைசியில் உள்ளதை வைத்தே அதைத் திரும்பக் கட்டிவிடும்.

இன்ஸ்டால் செய்யும்போது வரும் முதல் முட்டுக்கட்டையும் இங்கேதான். கணினியைத் தொடக்கிவைக்கும் மதர்போர்டு மென்பொருளில் இரண்டு முறை உண்டு: புதிய யூஇஎஃப்ஐ, பழைய பயாஸ். விண்டோஸ் யூஇஎஃப்ஐ முறையில் பூட் ஆக ஜிபிடி வட்டு வேண்டும். பழைய பயாஸ் முறை என்றால் எம்பிஆர். இரண்டும் பொருந்தாவிட்டால், இந்த வட்டில் நிறுவ முடியாது என்று இன்ஸ்டாலர் நின்றுவிடும். உடனே வட்டை அழித்து முறையை மாற்றத் தோன்றும். வேண்டாம். பென்டிரைவை எப்படி பூட் செய்தீர்கள் என்று முதலில் பாருங்கள். பல கணினிகளில் பூட் மெனுவைத் திறந்தால் ஒரே பென்டிரைவ் இரண்டு வரியில் தெரியும். ஒரு வரியில் பெயருக்கு முன்னால் யூஇஎஃப்ஐ என்று இருக்கும், இன்னொன்றில் வெறும் பெயர் மட்டும். வெறும் பெயரைத் தட்டினால் இன்ஸ்டாலர் பழைய முறையில் ஏறும். ஜிபிடி வட்டை அது ஏற்காது. திரும்பப் போய்ச் சரியான வரியைத் தேர்ந்தெடுத்தால் பிழை காணாமல் போய்விடும். வட்டில் ஒரு பைட்டைக்கூடத் தொட வேண்டியதில்லை.

லினக்ஸ் போடும்போதும் இதே கதைதான், ஆனால் அங்கே பிழை சத்தமில்லாமல் வரும். விண்டோஸ் யூஇஎஃப்ஐ முறையில் இருக்க, லினக்ஸைப் பழைய முறையில் போட்டுவிட்டால் இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளாது. லினக்ஸின் பூட் லோடரான கிரப்பின் மெனுவில் விண்டோஸ் ஏறாது, விண்டோஸுக்குள் போக வேண்டுமென்றால் ஒவ்வொரு முறையும் மதர்போர்டு அமைப்பில் மாற்ற வேண்டும். இதற்காக லினக்ஸை அழித்துத் திரும்பப் போடுகிறவர்கள் உண்டு. அவசியமே இல்லை. நிறுவாமலேயே லினக்ஸை ஓட்டும் லைவ் பென்டிரைவை யூஇஎஃப்ஐ முறையில் ஏற்றி, கிரப்பை மட்டும் பூட் லோடர்கள் இருக்கும் இஎஃப்ஐ பார்ட்டிஷனில் நிறுவினால் போதும். விண்டோஸ் ஏற்கெனவே உருவாக்கிவைத்த அந்த இஎஃப்ஐ பார்ட்டிஷன் பெரும்பாலும் 100 எம்பி அளவில் ஃபேட்32 என்ற கோப்பு முறைமையில் இருக்கும். இரண்டு இயங்குதளத்துக்கும் அது ஒன்றே போதும். அதைப் பயன்படுத்தச் சொல்லலாம். ஃபார்மட் பெட்டியில் மட்டும் டிக் விழுந்துவிடக் கூடாது. விழுந்தால் விண்டோஸின் பூட் லோடர் போய்விடும்.

உங்கள் விண்டோஸ் எந்த முறையில் ஓடுகிறது என்பது சிஸ்டம் இன்ஃபர்மேஷன் திரையில் பயாஸ் மோட் என்ற வரியில் இருக்கும். எம்பிஆர் வட்டை ஜிபிடி ஆக்கியே தீர வேண்டும் என்றால், விண்டோஸ் 10-இன் 1703 பதிப்பிலிருந்து எம்பிஆர்2ஜிபிடி என்ற கருவி கூடவே வருகிறது. தரவை அழிக்காமல் மாற்றும். ஆனால் மூன்று பிரைமரி பார்ட்டிஷனுக்கு மேல் இருந்தாலோ லாஜிக்கல் பார்ட்டிஷன் (நான்குக்கு மேல் வேண்டி, ஒரு பிரைமரி இடத்துக்குள் பிரித்தது) இருந்தாலோ மறுத்துவிடும். மாற்றுவதற்கு முன் சோதனை மட்டும் செய்து பார்க்கும் வசதி அதிலேயே உண்டு. பேக்கப் எடுத்துவிட்டு அதை முதலில் ஓட்டுங்கள்.

எம்பிஆர் வட்டில் இன்னொரு பொறி இருக்கிறது. நான்கு பிரைமரியும் நிரம்பிய பிறகு விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்டில் ஐந்தாவதை உருவாக்கப் போனால், வட்டை டைனமிக் (விண்டோஸின் தனி வட்டு முறை) ஆக்கட்டுமா என்று ஒரு கேள்வி வரும். ஆம் என்று அழுத்தினால் வேலை நடந்த மாதிரி இருக்கும். அப்புறம் லினக்ஸ் இன்ஸ்டாலருக்கு அந்த வட்டின் பார்ட்டிஷன்கள் ஒழுங்காகப் பிடிபடாது. விண்டோஸின் சொந்தக் கருவிகளை வைத்து பழையபடி பேசிக் (சாதாரண) வட்டாக மீட்க வேண்டுமென்றால் எல்லா வால்யூமையும் அழித்தாக வேண்டும். அந்தக் கேள்விக்கு இல்லை என்று சொல்லிவிட்டு வெளியே வருவதுதான் சரி.

அடுத்தது இடம் ஒதுக்குவது. சி டிரைவில் 300 ஜிபி காலியாக இருக்கும். சுருக்கப் போனால் 12 ஜிபிதான் தர முடியும் என்று விண்டோஸ் சொல்லும். நகர்த்த முடியாத கோப்பு ஏதோ ஒன்று வட்டின் பின்பகுதியில் உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம். பேஜ் ஃபைல், ஹைபர்னேஷன் கோப்பு, சிஸ்டம் ரெஸ்டோர் சேமித்த பிரதிகள், இவைதான் வழக்கமான ஆட்கள். மூன்றையும் தற்காலிகமாக அணைத்து, ஒருமுறை ரீஸ்டார்ட் செய்துவிட்டுத் திரும்பச் சுருக்கினால் அநேகமாக இடம் கிடைத்துவிடும். பொறுமையில்லாமல் லினக்ஸ் பக்கத்திலிருந்து சுருக்கப் போகாதீர்கள். விண்டோஸ் சீக்கிரம் ஏறுவதற்கான ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் வசதி ஓடிக்கொண்டிருந்தால், விண்டோஸை ஷட் டவுன் செய்தாலும் அது முழுதாக மூடாது. விண்டோஸின் என்டிஎஃப்எஸ் பார்ட்டிஷன் பாதி திறந்த நிலையில் இருக்கும். அந்த நிலையில் வெளியிலிருந்து எழுதினால் கோப்பு முறைமை கெடும். ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை அணைப்பது இரட்டை பூட்டுக்குக் கட்டாயம் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

விண்டோஸின் வட்டுக் குறியாக்கமான பிட்லாக்கரும் இதோடு சேர்ந்ததுதான். விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பைப் புதிதாக நிறுவி மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தால், பல கணினிகளில் குறியாக்கம் தானாகவே இயங்கத் தொடங்கிவிடும். தன் வட்டு பூட்டப்பட்டிருப்பதே உரிமையாளருக்குத் தெரியாது. பூட் அமைப்பில் கை வைத்ததும் 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்டு நிற்கும். அந்தச் சாவி இல்லாமல் வரும் கணினிக்கு என்னால் ஒன்றும் செய்ய முடியாது, யாராலும் முடியாது. சாவியை வேறு இடத்தில் எழுதி வைத்துக்கொண்ட பிறகுதான் மற்ற வேலை.

இன்ஸ்டாலரில் வட்டே தெரியவில்லை என்றால், அது பார்ட்டிஷன் கோளாறே இல்லாமல் இருக்கலாம். வட்டுகளைக் கையாளும் இன்டெல்லின் ஆர்எஸ்டி அல்லது விஎம்டி முறை இயங்கும் மடிக்கணினிகளில் இது சகஜம். மதர்போர்டு அமைப்பில் வழக்கமான ஏஎச்சிஐ முறைக்கு மாற்ற வேண்டும். ஆனால் விண்டோஸை சேஃப் மோடில் ஏறும்படி அமைத்துவிட்டு மாற்றுங்கள். நேரடியாக மாற்றினால் விண்டோஸ் நீலத் திரையில் விழும்.

சரி, அட்டவணையே போய்விட்டது என்று வைத்துக்கொள்வோம். நான் பார்த்ததில் இதற்கு முதல் காரணம் விண்டோஸின் டிஸ்க்பார்ட் கருவியில் உள்ள கிளீன் கட்டளை. பென்டிரைவுக்குக் கொடுக்க நினைத்து, எண் மாறி, உள்ளிருக்கும் வட்டுக்குக் கொடுத்துவிடுவார்கள். ஒரு நொடியில் முடிந்துவிடும், உறுதி கேட்காது. நல்ல வேளையாக, வெறும் கிளீன் என்பது அட்டவணையை மட்டும் துடைக்கும். கிளீன் ஆல் என்று கொடுத்திருந்தால்தான் வட்டு முழுக்கப் பூஜ்ஜியம் எழுதப்படும். அதிலிருந்து மீள வழியில்லை.

அட்டவணை மட்டும் போன வட்டை லைவ் லினக்ஸில் ஏற்றி பார்ட்டிஷன்களை மீட்கும் டெஸ்ட்டிஸ்க் கருவியை ஓட்டுவேன். வட்டிலிருந்து சந்தேகமான சத்தம் வந்தாலோ படிக்கும்போது பிழை வந்தாலோ, முதலில் முழு வட்டையும் இன்னொரு வட்டில் நகல் எடுத்துவிட்டு, நகலில்தான் வேலை. டெஸ்ட்டிஸ்க் வட்டை வருடிக்கொண்டு போய், ஒவ்வொரு கோப்பு முறைமையும் தன் தலையில் எழுதிவைத்திருக்கும் அடையாளத்தைத் தேடும். பழைய வட்டு என்றால் எப்போதோ அழித்த பார்ட்டிஷன்களும் பட்டியலில் வந்து நிற்கும். ஒன்றின் எல்லை இன்னொன்றின் மேல் ஏறியிருக்கும். இங்கே அவசரப்பட்டு ரைட் (எழுது) கொடுக்கிறவர்கள்தான் அதிகம். ஒவ்வொரு பார்ட்டிஷனாக நின்று பி விசையை அழுத்தினால் உள்ளே இருக்கும் கோப்புகளின் பட்டியல் விரியும். சமீபத்திய கோப்புறைப் பெயர்கள் தெரிகின்றனவா? தமிழ்ப் பெயர்கள் உடையாமல் வருகின்றனவா? அப்படியென்றால் அது உயிருள்ள பார்ட்டிஷன். முக்கியமானவற்றை அந்தத் திரையிலிருந்தே வெளி வட்டுக்கு நகலெடுத்துக்கொள்ளலாம். அதெல்லாம் முடிந்த பிறகுதான் அட்டவணையை எழுதச் சொல்வேன்.

எஸ்எஸ்டியில் இந்த நிதானம் இரண்டு மடங்கு வேண்டும். லினக்ஸின் கோப்பு முறைமையான எக்ஸ்ட்4 ஆக ஃபார்மட் செய்யும்போது, டிரிம் கட்டளையை ஏற்கும் வட்டுக்கு அந்த இடமெல்லாம் வேண்டாம் என்று லினக்ஸ் இயல்பாகவே சொல்லிவிடும். வட்டும் தன் போக்கில் அதைக் காலி செய்துவிடும். ஹார்ட் டிஸ்கில் ஃபார்மட்டுக்குப் பிறகும் கிடைக்கும் கோப்புகள் இங்கே கிடைக்காது.

விண்டோஸ் பக்கத்திலிருந்து ஒரு தொல்லை உண்டு. எக்ஸ்ட்4 பார்ட்டிஷனை அதற்குப் படிக்கத் தெரியாது. அந்தப் பார்ட்டிஷனுக்கு ஏதோ ஒரு காரணத்தால் டிரைவ் எழுத்து கிடைத்துவிட்டால், பயன்படுத்தும் முன் ஃபார்மட் செய்ய வேண்டும் என்று ஒரு பெட்டி வரும். ஃபார்மட் பொத்தான் முன்னால் இருக்கும். கேன்சல் செய்துவிட்டு, டிஸ்க் மேனேஜ்மென்டில் அந்த எழுத்தை நீக்கிவிடுங்கள்.

லினக்ஸ் வேண்டாம் என்று அதன் பார்ட்டிஷனை விண்டோஸிலிருந்து அழித்ததும் கருப்புத் திரையில் கிரப் ரெஸ்க்யூ என்று வருவது பயமுறுத்தும், ஆனால் எளிய கோளாறு. யூஇஎஃப்ஐ கணினியில் பூட் வரிசையில் விண்டோஸ் பூட் மேனேஜரை மேலே ஏற்றினால் போதும். எம்பிஆர் வட்டு என்றால் விண்டோஸ் பென்டிரைவின் ரிப்பேர் பகுதியில் பூட்ரெக் கருவிக்கு ஃபிக்ஸ் எம்பிஆர் கொடுக்க வேண்டும். அது பூட் நிரலை மட்டும் மாற்றும், அட்டவணையைத் தொடாது. இரண்டு லினக்ஸ் வைத்திருந்து ஒன்றை நீக்கினாலும் இதே திரை வரலாம். லாஜிக்கல் பார்ட்டிஷன்களின் எண் 5-இல் தொடங்கும். 5-ஐ அழித்தால் 6 என்பது 5 ஆகிவிடும், கிரப் இன்னும் 6-ஐத் தேடிக்கொண்டிருக்கும். பூட் ஆகும்போது ஒன்றரை நிமிடம் சும்மா நிற்கிறது என்றால் ஸ்வாப்பை (நினைவகம் போதாதபோது லினக்ஸ் பயன்படுத்தும் பார்ட்டிஷன்) பாருங்கள். இரண்டாவது லினக்ஸ் அதைத் திரும்ப ஃபார்மட் செய்ததில் அடையாள எண் மாறியிருக்கும். பார்ட்டிஷன்களைப் பட்டியலிடும் எஃப்ஸ்டாப் கோப்பில் புதிய எண்ணைப் போட்டால் சரியாகிவிடும்.

மேசைக் கணினியில் இரண்டாவது வட்டு பொருத்த இடமிருந்தால், ஒரே வட்டைக் கூறு போடாமல் லினக்ஸுக்குத் தனி வட்டு கொடுக்கச் சொல்வேன். அதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. சில இன்ஸ்டாலர்கள் லினக்ஸை இரண்டாவது வட்டில் போட்டுவிட்டு, கேட்காமலேயே பூட் லோடரை முதல் வட்டின் இஎஃப்ஐ பார்ட்டிஷனில் வைத்துவிடும். பிறகு ஒரு நாள் முதல் வட்டைக் கழற்றும்போதுதான் லினக்ஸும் ஏறாமல் நிற்பது தெரியவரும். இன்ஸ்டால் முடியும்வரை விண்டோஸ் வட்டின் கேபிளைப் பிடுங்கி வைத்துவிடுங்கள். அது மதர்போர்டிலேயே செருகும் எம்.2 வட்டாக, கழற்ற முடியாத இடத்தில் இருந்தால், மதர்போர்டு அமைப்பில் அந்த ஸ்லாட்டை அணைக்கும் வசதி இருக்கிறதா என்று பாருங்கள்.