கைது செய்ய முடியாத உளவுத்துறை

ஜெர்மனியின் உள்நாட்டு உளவுத்துறையால் யாரையும் கைது செய்ய முடியாது. வீட்டைச் சோதனை போடவும் முடியாது. 1950-ல் தொடங்கி, கொலோன் நகரிலிருந்து இயங்கும் இந்த அரசியல் சாசனப் பாதுகாப்பு அலுவலகம், ஜனநாயகத்தைக் குலைக்கப் பார்க்கும் குழுக்களைக் கவனித்து அரசுக்குச் சொல்லும். தூக்குவது போலீஸ் வேலை.

காரணம் கெஸ்டபோ. நாஜி ஆட்சியில் வேவு பார்த்ததும் ஆளைத் தூக்கியதும் ஒரே துறை. அந்தக் கொடுமையைப் பார்த்தபின், உளவுத்துறைக்குப் போலீஸ் அதிகாரம் கூடாது என்று 1949-லேயே, போரில் வென்று மேற்கு ஜெர்மனியை ஆண்டுவந்த நேச நாடுகளின் ராணுவ ஆளுநர்கள் எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

சரி, போனை ஒட்டுக்கேட்கலாமா? கேட்கலாம், ஆனால் லேசில் முடியாது. 1968-ல் வந்த சட்டப்படி உளவுத்துறை காரணம் காட்டி விண்ணப்பிக்க வேண்டும். உள்துறை அமைச்சகம் உத்தரவிட வேண்டும். அப்புறம் ஜி-10 ஆணையம் என்ற தனிக்குழு அதை ஏற்க வேண்டும். எனக்கு மிகவும் பிடித்த விதி இதற்குப் பிறகு வருகிறது: வேலை முடிந்து, சொன்னாலும் பாதகமில்லை என்ற நிலை வந்ததும், ஒட்டுக்கேட்கப்பட்டவருக்கே அதைத் தெரிவிக்க வேண்டும். அவர் நீதிமன்றம் போகலாம்.

இவ்வளவு காவலும் போனுக்குத்தான். குழுக்களுக்குள்ளேயே காசு கொடுத்து வைத்திருக்கும் இன்ஃபார்மர்களுக்கு இப்படி வெளியார் அனுமதி தேவைப்படவில்லை. தீவிர வலதுசாரிக் கட்சியான என்.பி.டி-யைத் தடை செய்யும் வழக்கு 2003-ல் நின்றுபோனதே, அந்தக் கட்சியின் தலைமையிலேயே உளவுத்துறையின் இன்ஃபார்மர்கள் இருந்ததால்தான்.

அதைவிட மோசமானது என்.எஸ்.யூ விவகாரம். 2000 முதல் 2007 வரை இந்த நவநாஜிக் கும்பல் 10 பேரைச் சுட்டுக் கொன்றது. ஒன்பது பேர் துருக்கி, கிரேக்கப் பின்னணி உள்ளவர்கள். ஒருவர் பெண் போலீஸ். பறிகொடுத்த குடும்பங்களையே போலீஸ் வருடக்கணக்கில் சந்தேகப்பட்டது. 2011 நவம்பர் 4 அன்று கும்பல் அம்பலமானது. ஒரே வாரத்தில், நவம்பர் 11 அன்று, உளவுத்துறை அதிகாரி ஒருவர் துரிங்கியா மாநில நவநாஜிகளுக்கு நடுவே இருந்த இன்ஃபார்மர்களின் கோப்புகளை ஷ்ரெட்டரில் போட வைத்தார்.

உளவுத்துறைகளைக் கண்காணிக்க நாடாளுமன்றத்தில் நிரந்தரக் குழு உண்டு. கோப்புகளைக் கேட்டு வாங்கும் அதிகாரமும் அதற்கு உண்டு. கோப்பே இல்லையென்றால் எதை வாங்குவது? கொலைகளை ஆராய அமைத்த தனி விசாரணைக் குழு தோண்டியபோது, 2012-ல் சங்கதி வெளியே வந்தது. துறைத் தலைவர் ஹைன்ஸ் ஃப்ரோம் பதவியை விட்டார்.

யாரை இன்ஃபார்மராக வைக்கலாம், யாரை வைக்கக் கூடாது என்பது 2015-ல்தான் தேசியச் சட்டத்தில் ஏறியது. பவேரியா மாநிலச் சட்டம் பற்றிய வழக்கில், 2022-ல் அரசியல் சாசன நீதிமன்றம் இன்னும் ஒரு படி மேலே போனது: ஒருவர்மீது நீண்டகாலம் இன்ஃபார்மரை ஏவுவதற்கும், முன்கூட்டியே சுதந்திரமான ஓர் அமைப்பின் ஒப்புதல் வேண்டும்.