மொட்டைப்பனையைத் தறிக்க முதல் ஒருக்கா அண்ணாந்து பாருங்கள்

போன கிழமை ஒரு சப்பாத்துப் பெட்டிக்குள் மூன்று மரங்கொத்திக் குஞ்சுகள் வந்தன. இந்த மாதம் இது நாலாவது பெட்டி. வளவில் பட்டுப்போய் நின்ற மொட்டைப்பனையைத் தறித்திருக்கிறார்கள். விழுந்த பிறகுதான் பொந்து தெரிந்ததாம். சொண்டைச் சுற்றிப் பால்மா காய்ந்து ஒட்டியிருந்தது. (பறவைக்குப் பால் பருக்காதீர்கள் என்று சொல்லிச் சொல்லி எனக்கு வாய் நோகிறது.) இரண்டு அன்றிரவே செத்துப்போயின.

கொண்டுவந்த ஐயா எனக்கு ஆறுதல் சொன்னார்: "தாய்ப்பறவை வேற மரத்துக்குப் பழகீடும் டொக்டர். சூழலுக்கு ஏத்தமாதிரி மாறுறதுதானே பரிணாமம்? பேரப்பிள்ளையின்ர புத்தகத்திலயே கிடக்கு."

இதைக் கேட்டால்தான் எனக்குப் பத்திக்கொண்டு வரும். 1977இல் பசிபிக் கடலிலுள்ள கலாபகோஸ் தீவுகளில் ஒன்றான டாஃப்னி மேஜரில் மழை பொய்த்தது. சின்ன விதைகள் முடிந்து, பெரிய கடின விதைகளே மிஞ்சின. அடுத்த தலைமுறைக் குருவிகளுக்குச் சொண்டு பெருத்திருந்தது. எந்தக் குருவியும் பழகிப் பழகிச் சொண்டை வளர்க்கவில்லை ஐயா! சின்னச் சொண்டுக்காரர் பெரும்பாலும் பட்டினியில் செத்தார்கள். தப்பிய பெரிய சொண்டுகள் குஞ்சு பொரித்தன. அதுவும் அந்தக் கூட்டத்துக்குள் பெரிய சொண்டு முதலே இருந்தபடியால். பொந்து குடையவே மரமில்லாத ஊரில் எது தப்பும்?

எங்கள் யாழ்ப்பாணத்து மரங்கொத்தியின் முதுகு பொன்மஞ்சள். தெற்கே இருக்கும் அதன் உறவுக்காரனுக்கு முதுகு சிவப்பு. உலகிலேயே இலங்கையில் மட்டுமே அது உண்டு. இடைப்பட்ட காடுகளில் இரண்டும் கலந்து செம்மஞ்சள் முதுகும் பிறக்கிறது. ஒரு சின்னத் தீவுக்குள் இத்தனை! எங்களுடையதன் விஞ்ஞானப் பெயரின் கடைசிச் சொல் 'ஜாஃப்னென்ஸே'. ஊரின் பெயரைச் சுமக்கிற பறவைக்கு ஊரில் ஒரு உக்கின பனையை விடமாட்டோமா? பச்சைப்பனையின் வைரத்தைவிட, பட்டு உள்ளே சோறு உக்கின மரம் குடைய எத்தனையோ இலகு.

வீட்டின் மேல் விழும் என்றால் தறியுங்கள், நான் மறிக்கவில்லை. ஆனால் வாள் வைக்க முதல் கால்மணி நேரம் தள்ளி நின்று பாருங்கள். வட்டப் பொந்தும் அடியில் புதுச் சிராயும் கிடந்தால் குஞ்சுகள் பறந்துபோகும்வரை பொறுங்கள். வளவு மூலையில் சும்மா நிற்பதை அப்படியே விடுங்கள். மரங்கொத்தி போனால் மைனாவோ கிளியோ குடிவரும். குஞ்சு விழுந்துவிட்டதா? வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குள் போய்விடும். காய்ந்த துணியில் சூடாக வைத்து உடனே கொண்டுவாருங்கள்.

மூன்றாவது குஞ்சு இதை எழுதும்போதும் மேசை ஓரத்தில் கத்திக்கொண்டிருக்கிறது. முசுறு முட்டை தேடி மாமரத்தடிக்கு ஆள் அனுப்பியிருக்கிறேன்.